பவுன் கணக்கு

பாறசாலை

அன்புள்ள மக்கா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. பெங்களூரில் குளிர் தொடங்கிவிட்டது என்கிறாய். இங்கே மழை விட்டபாடில்லை, ரப்பர் வெட்டு நடக்கவே இல்லை. மூத்தவளுக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது. என் முழங்கால் பழையபடிதான்.

உங்கள் சபைப் பையன்கள் ஆராதனை நடக்கும்போதே போனில் ரீல்ஸ் பார்க்கிறார்கள், கலாச்சாரமே கெட்டுப்போச்சு என்று எழுதியிருந்தாய். சரி, இங்கேயும் அதே கதைதான். ஆனால் போனைத் திட்டும் பிரசங்கங்களைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. போனைத் திட்டினால் சபைக் கமிட்டியில் யாருக்கும் கோபம் வராது. அதனால்தான் திட்டுகிறோமோ என்னவோ.

சமீபத்தில் களியக்காவிளைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். முந்தின நாள் ராத்திரி பெண் வீட்டு விருந்து. பெண்ணைக் கொண்டுவந்து விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தினார்கள். கையில் முழங்கை வரைக்கும் வளையல், கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் மாலைக்கு மேல் மாலை. "கையை உயர்த்து மோளே" என்றான் வீடியோக்காரன். அவள் அசையவில்லை. அத்தைக்காரி வந்து பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "நூற்றியொன்று பவுன்" என்று என் காதில் சொன்னார் பெண்ணின் தாய்மாமன். தகப்பன் ரோட்டோரத்துப் பத்து சென்ட்டை விற்றதையும் அதே மூச்சில் சொன்னார். 2024இல் பவுன் ஐம்பதாயிரத்தைத் தாண்டியபோதாவது இந்தக் கூத்து குறையும் என்று நினைத்தேன். எங்கே குறைந்தது!

மறுநாள் போதகர் ஐயர் புருஷன் பெஞ்சாதி உறவைச் சொல்லும் எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து அழகாகப் பேசினார். பவுனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முன்வரிசையில் இருந்த பாதிப் பேர் அடுத்த வருஷம் மகளைக் கட்டிக் கொடுக்கப் போகிறவர்கள், மீதிப் பேர் மகனுக்கு வாங்கப் போகிறவர்கள்.

ஸ்காட் கல்லூரியில் படிக்கும்போது நம் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி விடுதி மாடியில் மணிக்கணக்காகப் பேசுவாயே, நினைவிருக்கிறதா? அன்று ராத்திரி அதுதான் மனதில் ஓடியது. குப்பாயம் என்கிற மேல்சட்டை போட்டதற்காகப் பெண்களைச் சந்தையில் மறித்துத் துணியைக் கிழித்தார்கள், ஜெபவீடுகளைக் கொளுத்தினார்கள். 1822இல் தொடங்கியது 1859 ஜூலையில்தான் ஒரு முடிவுக்கு வந்தது. திருவிதாங்கூர் மகாராஜா போட்ட அந்த உத்தரவிலும் "மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது" என்று ஒரு வால் இருந்தது. மானத்தோடு உடம்பை மூட அடிபட்ட பாட்டிமாரின் பேத்திகளைத்தான் நாம் இப்போது நகைக்கடைப் பொம்மை போல நிறுத்துகிறோம், ஜெபம் பண்ணி ஆரம்பித்துவிட்டு.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் உனக்குத் தெரியும். மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. ஸ்திரீதனம், அதாவது வரதட்சணை, கொடுத்தாயிற்று என்றால் அதுவும் இல்லை. கோட்டயத்து மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல்தான் அதற்கு முடிவு கட்டினார். ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கு இருந்திருக்கிறது. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கு பிரிக்கும் வழக்கம் உள்ள லத்தீன் கத்தோலிக்கரையும் சில புராட்டஸ்டன்டு கிறிஸ்தவர்களையும் அந்தக் கால் பங்குக் கணக்கு கட்டுப்படுத்தாதாம். அதற்கான தாலுகாப் பட்டியலில் நம்முடைய நெய்யாற்றின்கரையும் இருக்கிறது! சமபங்கு நம் தாலுகாவிலேயே இருந்த வழக்கம், மக்கா. அதைக் கைவிட்டுவிட்டு இந்தப் பவுன் கணக்கைப் பிடித்துக்கொண்டோம். இதற்கு ரீல்ஸா காரணம்?

சட்டத்துக்கும் குறைச்சல் இல்லை. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதலே குற்றம். 2021இல் கொல்லத்தில் விஸ்மயா என்ற பெண் வரதட்சணைக் கொடுமையால் செத்த பிறகு, கல்யாணமான அரசு ஊழியன் ஒரு மாதத்துக்குள் 'வாங்கவில்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேரள அரசு சொல்லிவிட்டது. மனைவி, தகப்பன், மாமனார் மூன்று பேரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். சர்க்கார் கேட்கும் கேள்வியைச் சபை கேட்பதில்லை. மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்து ஆட்சேபணை உண்டா என்று கேட்கிறோம், இதை மட்டும் கேட்க வாய் வரவில்லை.

நகை போடாத சபைகள் பரவாயில்லையே என்பாய். சில வீடுகளில் நகைக்குப் பதில் பணம் நேராக பாங்கில் டெபாசிட்டாகப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்கத்துச் சபை வட்டாரமான சேகரத்துக்கு இளம் போதகர் ஒருவர் வந்திருக்கிறார். இதைப் பற்றிப் பிரசங்க பீடத்தில் அவர் ஒன்றும் முழங்குவதில்லை. ஓலை வாசிக்கும் முன் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்குக் கொடுப்பது உன் பேரில் இருக்குமா, நிலத்தில் உனக்குப் பங்கு உண்டா என்று கேட்கிறார். பிறகு பையனைக் கூப்பிட்டு அதையே கேட்கிறார். ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போய்விட்டது. கோபுர வேலைக்கு அதிகம் கொடுத்த குடும்பம் அது. அவர் அசையவில்லை. போன வாரமும் அந்த வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து சாயா குடித்து, ஜெபம் பண்ணிவிட்டு வந்திருக்கிறார். இந்தக் காலத்தில் ஊழியம் எப்படிச் செய்வது என்று கேட்டாய் அல்லவா, எனக்குத் தெரிந்து அந்த ஆள் செய்கிறார்.

உன் இளையவனுக்குப் பெண் பார்ப்பதாக எழுதியிருக்கிறாய். நீ கட்டினபோது ஒரு சல்லிக்காசு வாங்கவில்லை, உன் அம்மா எத்தனை மாதம் உன்னோடு பேசவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இப்போது உன் வீட்டுக்காரி என்ன சொல்கிறாள்? மறைக்காமல் எழுது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தால் எங்கள் வாலிபர் கூட்டத்தில் நீ பேச வேண்டும், இளையவனையும் கூட்டி வா. மரச்சீனியும் மீன்கறியும் எங்கள் பொறுப்பு.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்