மழைமானிக்கு முன் ஒரு மணி நேரம்

மதிப்பிற்குரிய புதுச்சேரி பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்களுக்கும், நான்கு பிராந்தியங்களின் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

பாகூர் கொம்யூனில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை நான். பள்ளிகள் இணையவழியாகச் சேர்ந்து செய்யும் திட்டப்பணிகளுக்குக் கருவிகள் வழங்குவதற்கு முன்பாக, ஆசிரியர்கள் கூடித் திட்டமிட நேரம் ஒதுக்கித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற வடகிழக்குப் பருவமழையின்போது, காரைக்காலில் உள்ள ஒரு பள்ளியுடன் சேர்ந்து மழையை அளந்தோம். தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக்கிப் பிள்ளைகளே மழைமானி செய்தார்கள். ஒரு மாணவி நாள்தோறும் ஈரத்தரையில் மண்டியிட்டு, நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்து, மில்லிமீட்டர் கணக்கை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வகுப்புக்கு ஓடி வருவாள். மூன்று வாரம் கழித்து இரு பள்ளிகளின் அட்டவணைகளையும் அருகருகே வைத்தபோதுதான், நாங்கள் காலை எட்டரைக்கும் அவர்கள் மாலை பள்ளி விடும் வேளையிலும் அளந்திருந்தது தெரிந்தது. பகலில் பெய்த மழை அவர்கள் தாளில் அன்றைய கணக்கிலும் எங்கள் தாளில் மறுநாள் கணக்கிலும் ஏறியிருந்தது. அந்த மாணவியின் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேர மழையையே கணக்கிடுகிறது. ஆசிரியர்களாகிய நாங்கள் தொடக்கத்திலேயே ஒரு மணி நேரம் பேசியிருந்தால் இந்த முறையையே இருவரும் பின்பற்றியிருப்போம்.

நேரத்தைப் போலவே கேள்வியையும் முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் தயாரித்து ஒன்றாக ஒட்டுவது கூட்டுப்பணி ஆகாது. அடுத்த பள்ளியின் துணையின்றி விடை காண முடியாத கேள்வியே அதற்கு வேண்டும். அப்படியொரு கேள்வி நம் நிலப்பரப்பிலேயே இருக்கிறது. அரபிக்கடலோர மாகேயில் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது இங்கே வெயில் காய்கிறது. நமக்கும் காரைக்காலுக்கும் அக்டோபரில் தொடங்கித்தான் பெருமழை. ஏனாமோ கோதாவரிக் கரையில் இருக்கிறது. ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள ஊர்களில் மழைக்காலம் ஏன் இப்படி மாறுகிறது என்பதை எந்தப் பள்ளியும் தனியே அளந்து அறிய முடியாது.

தமிழ், மலையாளம், தெலுங்கு என மூன்று மொழிப் பிள்ளைகள் பங்கேற்பதால், எண்களைப் பொது அட்டவணையிலும் விளக்கங்களை முதலில் அவரவர் மொழியிலும் எழுத விடலாம். வாரம் ஒருமுறை பதிவேற்ற வகுப்புக்கு ஒரு கணினி போதும். நாள்தோறும் காணொளிச் சந்திப்பு தேவையில்லை. மாணவர்களின் கைபேசி எண்களை எந்தக் குழுவிலும் பகிரக் கூடாது. சிறாரின் தகவல்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. இந்தப் பணியை அக மதிப்பீட்டில் சேர்த்தால் பிள்ளைகளுக்குக் கூடுதல் சுமையாக இராது.

மாகேயில் மழை ஜூன் தொடக்கத்திலேயே வந்துவிடும் என்பதால், நான்கு பிராந்திய ஆசிரியர்களும் கூடிப் பேச ஏப்ரல் மாதத்திலேயே, கோடை விடுமுறைக்கு முன்பாக, ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை,
பாகூர்.