ஆறு நிமிடம் பிந்தி வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ ஓடுவதற்காக எடுத்து வைத்த ஷூ என்னிடம்தான் இருக்கிறது. அயர்ன்மேன் போட்டி முடிந்த இரவு, நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் ட்ரான்ஸிஷன் பகுதியைக் காலி செய்யச் சொன்னபோது நான்தான் போய் எடுத்து வந்தேன். நீ வைத்தது வைத்தபடியே இருந்தது. இடது ஷூவுக்குள் சுருட்டிய சாக்ஸ், வலது ஷூவுக்குள் உப்பு மாத்திரை போட்ட சின்ன பிளாஸ்டிக் உறை, அதன் மேல் கவிழ்த்து வைத்த தொப்பி. சுற்றிலும் ஈரத் துண்டும் காலி சர்க்கரை ஜெல் உறையுமாக இறைந்து கிடக்க, உன் இடம் மட்டும் விடியற்காலையில் நீ அடுக்கி வைத்த மாதிரியே இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. சைக்கிளை விட்டு இறங்கும் கோட்டுக்குப் பக்கத்தில், கெடு தாண்டிவிட்டது என்று உன் கணுக்காலிலிருந்து நேரத்தைப் பதியும் டைமிங் சிப்பைக் கழற்றினார்களே, அப்போதுகூட வரவில்லை.

பத்து நாளாக நீ என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம் மட்டும், "நீச்சல்லயே கோட்டை விட்டுட்டேன், எனக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று சொன்னாயாம். அந்த ஒன்றைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. இதே மாதிரி தப்பான இடத்தில் பழியைப் போட்டுவிட்டுச் சைக்கிளை மூலையில் சாய்த்து வைத்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

நீ நீச்சலில் கோட்டை விடவில்லை. கணக்கைப் பார். 3.8 கிலோமீட்டர் நீந்த 2 மணி 20 நிமிடம் கொடுத்திருந்தார்கள். நீ 1 மணி 41 நிமிடத்தில் கரையேறினாய். உடை மாற்றிச் சைக்கிளை எடுக்க 12 நிமிடம். போட்டி தொடங்கிய நேரத்திலிருந்து 10 மணி 30 நிமிடத்துக்குள் சைக்கிளை முடிக்க வேண்டும் என்பது கெடு. ஆக, 180 கிலோமீட்டருக்கு உன் கையில் 8 மணி 37 நிமிடம் இருந்தது. மணிக்கு 21 கிலோமீட்டர் போயிருந்தால் போதும். 22 போயிருந்தால் 26 நிமிடம் மிச்சத்தோடு வந்திருப்பாய். வார இறுதிப் பயிற்சியில் பேசிக்கொண்டே 25-ல் ஓட்டுகிறவன் நீ.

நீ முதல் 60 கிலோமீட்டரை 2 மணி நேரத்தில் முடித்தாய். மணிக்கு 30. மீதி 120 கிலோமீட்டருக்கு 6 மணி 43 நிமிடம் ஆனது. கோட்டுக்கு வந்தபோது 10 மணி 36 நிமிடம். அந்த ஆறு நிமிடத்தை நீ கடைசி மேட்டில் இழந்ததாக நினைக்கிறாய். இல்லை, அது காலையிலேயே போய்விட்டது.

ஏன் அப்படிப் போனாய் என்று எனக்குத் தெரியும். தண்ணீரிலிருந்து வெளியே வந்தபோது ஸ்டாண்டில் பாதிச் சைக்கிள்கள் போயிருந்தன. அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்திருக்கும். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாய். ஆனால் நீ எதையும் விடவில்லையே! கெடுவுக்கு 39 நிமிடம் முன்னால் கரைக்கு வந்திருந்தாய்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தண்ணீருக்குள் முகத்தை வைக்கவே பயந்தவன் நீ. நீச்சல் குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை விடப் பழகினாயே, அந்தக் கோடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு நீளம், அப்புறம் இரண்டு, அப்புறம் நாற்பது. நீ தண்ணீரை விட்டு எழுந்து வந்த அந்த நிமிடத்தை நான் கரையில் நின்று பார்த்தேன். கண்ணாடி அழுத்திக் கண்ணைச் சுற்றி இரண்டு சிவப்பு வட்டம், ஒரு கை வெட்சூட் என்ற நீச்சல் உடையின் ஜிப்பைத் தேடிக்கொண்டிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. அந்த நீச்சலையா திட்டிக்கொண்டிருக்கிறாய்? அன்றைக்கு நீ செய்ததிலேயே சிறந்தது அதுதான்.

சைக்கிளுக்கு வருவோம். வேகம் கூடக் கூடக் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி அதே விகிதத்தில் கூடுவதில்லை. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் சக்தி எட்டு மடங்காகிறது. 22-க்குப் பதில் 30-ல் போனால் காற்றுக்கு மட்டுமே ஏறக்குறைய இரண்டரை மடங்கு கொடுக்க வேண்டும். அதுவும் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்துக்கொள்ளக் கூடாத போட்டி இது. பன்னிரண்டு மீட்டர் இடைவெளி விட்டு, முழுக் காற்றையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். காலை நேரத்துப் புதுக் காலுக்கு அந்தச் செலவு தெரியாது.

சாப்பாடும் கெட்டது அங்கேதான். உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை சுமார் 2000 கலோரிதான். வேகமாகப் போகும்போது உடம்பு கொழுப்பை விட்டுவிட்டு அதைத்தான் அதிகம் எரிக்கும். அதனால் மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்கும் குடலைப் பழக்கியிருக்க வேண்டும். நீ முதல் ஒன்றரை மணி நேரம் ஒன்றுமே சாப்பிடவில்லை. "பசிக்கலை" என்றாய். பசி எடுத்த பிறகு சாப்பிடுகிற நாள் இல்லை அது. அப்புறம் பயந்துபோய் மூன்று ஜெல்லைச் சேர்த்து விழுங்கினாய். உயர்ந்த வேகத்தில் ரத்தமெல்லாம் தசைக்கும் தோலுக்கும் போய்விடுகிறது. இரைப்பையில் விழுந்தது அங்கேயே நிற்கும். 130-வது கிலோமீட்டரில் ஓரமாக இறங்கி வாந்தி எடுத்தாயே, அதற்குக் காரணம் உடம்பின் பலவீனம் இல்லை. காலையில் போன அந்த 30 கிலோமீட்டர் வேகம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. உப்பு மாத்திரை ஓட்ட ஷூவுக்குள் இருந்தது, சைக்கிளில் ஒன்றுகூட இல்லை. எட்டரை மணி நேரம் வெறும் தண்ணீரோடு போயிருக்கிறாய். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். அடுத்த முறை உப்பு இரண்டு இடத்திலும் இருக்கட்டும். தாகத்துக்குக் குடி, பயத்துக்குக் குடிக்காதே.

நானும் முதல் போட்டியில் இதே தப்பைத்தான் செய்தேன். எனக்கு அடி சைக்கிளில் விழவில்லை, ஓட்டத்தில் விழுந்தது. மாரத்தானின் 24-வது கிலோமீட்டரில் தொடை இரண்டும் கல்லாக இறுகிப்போனது. மீதி 18 கிலோமீட்டரும் நடைதான். 16 மணி 20 நிமிடத்தில் முடித்தேன், 17 மணி நேரக் கெடுவுக்குள். வீட்டில் எல்லாரும் முடித்ததை மட்டும் பேசியதால், நீ என்னிடமிருந்து அந்தத் தப்பைக் கற்றுக்கொள்ளவே இல்லை. அதை நான் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும்.

இந்தப் போட்டி பிறந்த கதையை நீதான் எனக்கு முதலில் சொன்னாய். 1978 பிப்ரவரி 18, ஹவாயின் ஓவாஹு தீவு. நீச்சல்காரனா, சைக்கிள்காரனா, ஓட்டக்காரனா, யாருக்கு உடல் தகுதி அதிகம் என்ற பேச்சிலிருந்து ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் தொடங்கி வைத்தது. கோர்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடத்தில் ஜெயித்தார். அன்றைக்குத் தொடங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். அந்த மூன்று பேரைப் பற்றி நான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். முதல் அயர்ன்மேனின் தொடக்கக் கோட்டில் அவர்களும் நின்றார்கள். அவர்களை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

2012-இல் மடோனா பியூடர் என்ற கன்னிகாஸ்திரீ கனடாவில் முழுத் தூரத்தையும் முடித்தபோது அவருக்கு 82 வயது. உனக்கு 29. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

சொல்ல ஆசைப்படுவது வேறு. நீ இன்னும் அந்த ஓட்டத்தைப் பார்க்கவில்லை. சைக்கிளை விட்டு இறங்கிய முதல் இரண்டு கிலோமீட்டர், கால் உன்னுடையது மாதிரியே இருக்காது. அப்புறம் மெதுவாக உன்னிடம் திரும்பி வரும். இருட்டியதும் கழுத்தில் ஒளிரும் வளையம் ஒன்றை மாட்டிவிடுவார்கள். வளைந்து போகும் பாதையில் எதிரே வருகிறவர்களின் முகம் தெரியாது, வளையம் மட்டும் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டு வரும். யார் முந்துகிறார், யார் எத்தனையாவது சுற்று என்பதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கும் பொருட்டில்லை. என்னைத் தாண்டிப் போன ஒரு பெரியவர் நின்று, "உட்கார்ந்துடாதீங்கம்மா, நடந்துகிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். 31-வது கிலோமீட்டரில் ஒரு வாலண்டியர் பெண் என் உள்ளங்கையில் பனிக்கட்டியை வைத்து விரல்களை மூடிவிட்டாள். அவள் முகம் நினைவில்லை, அந்தக் குளிர் இன்னும் கையில் இருக்கிறது. இதையெல்லாம் நீ பார்க்க வேண்டும் தம்பி. அதற்காகத்தான் திரும்பப் போகச் சொல்கிறேன். மெடலுக்காக இல்லை.

வேகப் பயிற்சியைக் கூட்ட வேண்டாம். நீளமான சைக்கிள் பயணத்தைக் கூட்டு, அதுவும் அடக்கமான வேகத்தில், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டு. இறங்கியதும் அரை மணி நேரம் ஓடு. சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓடிப் பழகும் பிரிக் பயிற்சியில் நீ தவறவிட்டதெல்லாம் இந்தக் கடைசி அரை மணி நேரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு உன் வீட்டு வாசலில் நிற்பேன், உன் ஷூவோடு. 90 கிலோமீட்டர் போகிறோம். நான் முன்னால் போவேன், நீ பன்னிரண்டு மீட்டர் விட்டுப் பின்னால் வர வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் என்னைத் தாண்டக் கூடாது. அப்புறம் உன் இஷ்டம்.

அன்புடன்,
அக்கா