தோட்ட வரலாற்றுக் கட்டுரைக்கு ஒலிப்பதிவைக் கேளுங்கள்

மலேசியாவில் தமிழ் ஆய்விதழ்கள் நடத்தும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்ட வரலாறு பற்றி வரும் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவன் நான். அண்மையில் ஓர் ஆய்விதழில் வாசித்த கட்டுரைதான் இந்த மடலுக்குக் காரணம். சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதியதோ என்ற ஐயத்தை அது எழுப்பியது.

அதில் ஒரு மூதாட்டியின் நேர்காணல். "நண்பகல் வெயிலில் பால்மரம் வெட்டப் போவோம்" என்கிறார். தோட்டத்தில் வாழ்ந்த யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் நின்று, வெயில் ஏறுமுன் ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். மங்கு (பால் ஏந்தும் கிண்ணம்), ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிய பால்), நிரை (மர வரிசை) என்று ஒரு சொல்கூட அந்த அம்மாவின் வாயில் வரவில்லை. துணைநூல் பட்டியலில் இருந்த சில நூல்களைத் தேடினேன். எந்த நூலகப் பட்டியலிலும் அகப்படவில்லை. இயந்திரம் எழுதியது என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அச்சேறுமுன் யாரும் சரிபார்க்கவில்லை என்பது தெளிவு.

1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப்பக்கம் எல்பில் தோட்டத்து மேலாளர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக உண்டு. சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஓரளவு சரியாகவே சொல்லும். அதற்கப்புறம் லயத்து வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர் சனங்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது பெரும்பாலும் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. சாட்ஜிபிடியோ அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோக்கும் கருவி. எழுதப்படாத ஒன்றைக் கேட்டால், பல நேரம் நம்பும்படி இட்டுக்கட்டிவிடும். அது ஒருமுறை ஆய்விதழில் வந்துவிட்டால் அடுத்த மாணவர் மேற்கோள் காட்டுவார். மறுத்துச் சொல்ல அந்தப் பெரியவர்கள் அப்போது இருக்க மாட்டார்கள்.

அதற்காகத் தடை போடச் சொல்லவில்லை. ஆங்கிலச் சுருக்கம் எழுதத் திணறும் தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தக் கருவி நல்ல துணை. பயன்படுத்தட்டும், எதற்கு, எந்த அளவுக்கு என்று கட்டுரையிலேயே சொல்லட்டும். கோப் என்ற பதிப்பு நெறிமுறைக் குழு 2023இலேயே சொன்னதும் இதுதான்: கருவி ஆசிரியராக முடியாது, பயன்படுத்தியதை மறைக்கக் கூடாது. இயந்திரம் எழுதியதைக் கண்டறியும் மென்பொருளை நம்பிப் பிள்ளைகளைத் தண்டித்துவிடாதீர்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இயந்திரத்தின் எழுத்து என்றே அத்தகைய மென்பொருள்கள் காட்டின.

மென்பொருளுக்குப் பதில் ஒலிப்பதிவைக் கேளுங்கள். நேர்காணல் உள்ள ஒவ்வொரு கட்டுரைக்கும் பதிவும், பேசியவரின் சம்மதமும் உங்கள் கைக்கு வந்தபிறகே மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். மதிப்பீட்டாளர்களும் கையெழுத்துப் படியை அப்படியே சாட்பாட்டில் ஏற்றக் கூடாது. அதில் நம்பிப் பேசியவர்களின் பெயரும் குடும்பக் கதையும் இருக்கின்றன.

அடுத்த இதழுக்குக் கட்டுரை கேட்கும் அறிவிப்பிலேயே இதைச் சேர்த்துவிடுங்கள். பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்க ஆள் தேவையென்றால் சொல்லுங்கள். மரம் வெட்டிய கைகள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. நான் அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட் வாசகன்