செட் எதை மறக்கும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியும், ஓய்வு பெற்ற கையோடு நீ பைத்தான் நிரல்மொழி கற்கத் தொடங்கிவிட்ட செய்தியும் மிகுந்த மகிழ்ச்சி தந்தன. இங்கே அனைவரும் நலம். நிரல் பயிற்சிக் கணக்குகள் தரும் லீட்கோட் தளத்தின் 349-ஆம் கணக்குக்கு நீ எழுதிய நிரலைப் படித்தேன். விடை சரியாக வந்தும் நிரல் மனத்துக்குப் பிடிக்கவில்லை என்று குறைப்பட்டிருந்தாய், காரணம் இருக்கிறது.

இரண்டு எண் பட்டியல்களுக்கும் பொதுவான எண்களை, ஒவ்வொன்றும் ஒரே முறை வரும்படி, எந்த வரிசையிலாவது தர வேண்டும் என்பதுதான் கேள்வி. நீயோ பட்டியலை ஒவ்வோர் எண்ணாகச் சுற்றிவரும் ஒரு ஃபார் லூப்புக்குள் இன்னொன்றை வைத்து, அகப்பட்ட எண் விடையில் முன்பே இருக்கிறதா என்று பார்க்க மூன்றாவதாக ஒரு சோதனையும் வைத்திருக்கிறாய். பட்டியலுக்கு 1,000 எண்கள் வரை வரலாம் என்பதால் முதல் இரண்டு லூப்புகளுக்கே 10 லட்சம் ஒப்பீடுகள் ஆகக்கூடும். இன்றைய கணினிக்கு அது ஒரு பொருட்டல்ல; கேள்வியில் அரை வரியாக இருக்கும் நிபந்தனைக்கு நிரலில் நான்கு வரி செலவாவதுதான் எனக்கு உறுத்துகிறது.

இரண்டு பட்டியல்களையும் செட்டாக, அதாவது பைத்தானில் உள்ள கணமாக, மாற்றி நடுவில் & குறியை இட்டுப் பார். பள்ளிக்கூடத்தில் வென் படம் வரைந்து நிழலிட்ட அதே வெட்டுக் கணம்தான் விடையாக வரும். செட்டில் ஓர் உறுப்பு இரண்டு முறை இருக்க முடியாது என்பதால் உன் மூன்றாவது சோதனைக்கு வேலையே இல்லை. ஓர் எண் இருக்கிறதா என்று கேட்டால், பட்டியலைப்போல் முதலிலிருந்து தேடாமல், அதன் ஹாஷ் மதிப்பை (அந்த எண்ணிலிருந்தே கணக்கிடப்படும் ஓர் அடையாள எண்ணை) கொண்டு அது இருக்கவேண்டிய இடத்துக்கே செட் நேராகச் செல்கிறது. பொதுவாக அளவு பெருகினாலும் அந்தத் தேடலின் நேரம் பெருகுவதில்லை. ஒன்றை மட்டும் கவனி: & குறிக்கு இருபுறமும் செட்டே இருக்க வேண்டும், ஒருபுறம் பட்டியல் இருந்தால் டைப்எர்ரர் என்ற பிழை வரும். குறிக்குப் பதிலாகச் செட்டின் இன்டர்செக்ஷன் என்ற மெத்தடை (செயல்பாட்டை) அழைத்தாலோ பட்டியலையும் அது ஏற்றுக்கொள்ளும்.

இந்த வசதியைக் கண்டதும் எல்லாக் கணக்குக்கும் செட்டை எடுக்கக் கை பரபரக்கும். அதற்குமுன் 350-ஆம் கணக்கைப் படித்துவிடு. தலைப்பும் ஏறக்குறைய அதுவே, முதல் எடுத்துக்காட்டும் அதுவே: 1, 2, 2, 1 என்பது ஒரு பட்டியல், 2, 2 என்பது மற்றொன்று. 349-இல் விடை ஒரே ஒரு 2. 350-இலோ இரண்டு 2-கள், ஏனெனில் அங்கே எத்தனை முறை பொதுவாக வருகிறதோ அத்தனை முறையும் தர வேண்டும். செட்டுக்குள் நுழைந்த நொடியில் எண்ணிக்கையும் வரிசையும் அழிந்துவிடுகின்றன. பிறகு எவ்வளவு முயன்றாலும் அவற்றை மீட்க முடியாது. ஆகவே, இவ்விரண்டும் தேவையா என்று கேள்வியிடம் கேட்டுவிட்டுத்தான் நான் செட்டைத் தொடுவேன்.

350-க்கு, ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிவைக்கும் கவுண்டரைப் பயன்படுத்து; அது பைத்தானின் கலெக்ஷன்ஸ் மாட்யூலில் (நிரல் தொகுப்பில்) உள்ளது. அதிலும் & குறி உண்டு; ஒவ்வோர் எண்ணுக்கும் இரு பக்கத்து எண்ணிக்கைகளில் சிறியதை அது எடுத்துக்கொள்ளும். பட்டியல்கள் முன்பே வரிசைப்படுத்தப்பட்டிருந்தால் என்ன செய்வாய் என்று அந்தக் கணக்கின் கடைசியில் ஒரு துணைக் கேள்வி இருக்கிறது. அதற்குச் செட்டும் வேண்டாம், கவுண்டரும் வேண்டாம். நீயே யோசித்து எழுதி அனுப்பு.

அன்புடன்,
சுந்தரம்