கட்சியின் சொல்லைச் செய்தியின் சொல்லாக்காதீர்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும் விவாத நெறியாளர்களுக்கும்,

வணக்கம்.

அரசியல் கட்சிகள் தங்களுக்கு வசதியான சொற்களைப் புழக்கத்தில் விடுவது பற்றி அந்தக் கட்சிகளிடமே முறையிட்டுப் பயனில்லை என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். தன் திட்டத்துக்கு நல்ல பெயரும் எதிர்த்தரப்பின் திட்டத்துக்குக் கெட்ட பெயரும் சூட்டுவது கட்சியின் தொழில். அதை அவர்கள் நிறுத்தப்போவதில்லை. ஆனால் மேடையில் பிறந்த அந்தப் பெயர் மறுநாள் காலையில் உங்கள் தலைப்பில் மேற்கோள்குறிகூட இல்லாமல் வந்து நிற்கும்போது, அது ஒரு தரப்பின் வாதம் என்ற அடையாளத்தை இழந்து, நடந்த காரியத்தின் பெயராகவே ஆகிவிடுகிறது. இந்த மாற்றத்தைச் செய்வது கட்சி அல்ல, நீங்கள்.

மாலை நேர விவாத நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திரையின் அடியில் "வரிச்சுமையிலிருந்து நிவாரணம் எப்போது?" என்று தலைப்பு ஓடுகிறது. நால்வர் அமர்ந்திருக்கிறார்கள், இரு தரப்புக்கும் சமமான நேரம் தரப்படுகிறது, நெறியாளரும் நியாயமாகவே நடத்துகிறார். ஆனாலும் முதல் விருந்தினர் வாய் திறப்பதற்கு முன்பே பாதி விவாதம் முடிந்துவிட்டது. வரி என்பது துன்பம், அதைக் குறைப்பது நிவாரணம், குறைக்க மறுப்பவர் துன்பத்தை நீட்டிப்பவர் என்ற மூன்று முடிவுகளும் தலைப்பிலேயே அடங்கிவிட்டன. அந்த வரிப்பணத்தில்தான் மருத்துவமனைகள் நடக்கின்றன என்று சொல்ல வந்தவர், தமக்குக் கிடைத்த இரண்டு நிமிடத்தில் முதலில் தலைப்போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. "செல்வந்தர்களுக்கு இன்னும் எவ்வளவு சலுகை?" என்று தலைப்பிட்டிருந்தால் இதே அநீதி மறுபக்கத்தாருக்கு நேர்ந்திருக்கும். வருமான வரி விகிதத்தைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தால் இருவருமே தங்கள் வாதத்திலிருந்து தொடங்கியிருக்க முடியும்.

இது தற்செயலாக நடப்பதன்று. அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச் தலைமையிலான கோபாக் என்ற அமைப்பு, 1990-இல் தன் வேட்பாளர்களுக்கு இரண்டு சொற்பட்டியல்களை அனுப்பியது. துணிவு, குடும்பம், பெருமை, உண்மை போன்றவை தம்மைப் பற்றிப் பேசுவதற்கு. சீரழிவு, துரோகிகள், வெட்கக்கேடு, ஊழல் போன்றவை எதிரிகளைப் பற்றிப் பேசுவதற்கு. கொள்கை எதுவாக இருந்தாலும் பட்டியல் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். அதே நாட்டில் 1916 முதல் இருந்துவரும், இறந்தவர் விட்டுச்செல்லும் பெருஞ்சொத்தின் மீதான வரியை, 1990-களில் அதை ஒழிக்க விரும்பியவர்கள் "மரண வரி" என்று இடைவிடாமல் அழைத்தார்கள். அக்காலத்தில் இறப்பவர்களில் நூற்றுக்கு இருவர் அளவினரின் சொத்தே அந்த வரிக்கு உட்பட்டது. ஆனால் மரணம் எல்லோருக்கும் உரியது அல்லவா? எனவே வரியும் எல்லோருக்கும் உரியது என்ற எண்ணத்தை அந்தப் பெயர் பரப்பியது.

மக்கள் இதையெல்லாம் பிரித்தறிந்து கொள்வார்கள் என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். சிகாகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆய்வு மையம் 1972 முதல் நடத்திவரும் பொதுச் சமூகக் கருத்தாய்வு, 1980-களில் ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தது. "ஏழைகளுக்கான உதவி"க்கு அரசு போதிய அளவு செலவிடவில்லை என்று பத்தில் ஆறு பேருக்கு மேல் கூறினார்கள். அதே இடத்தில், கட்சிச் சண்டைகளில் அடிபட்டுக் கறைபடிந்துபோன "வெல்ஃபேர்" (அரசு நல உதவி) என்ற சொல்லை வைத்தபோது, அப்படிக் கூறியவர்கள் நான்கில் ஒருவர் அளவுக்குச் சுருங்கினார்கள். 2013-இல் சிஎன்பிசி தொலைக்காட்சி எடுத்த கருத்துக்கணிப்பில், அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை, அப்போதைய அதிபர் ஒபாமாவின் பெயரால் "ஒபாமாகேர்" என்று சொல்லிக் கேட்டபோது 46 சதவீதத்தினர் எதிர்த்தார்கள். சட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது எதிர்த்தவர்கள் 37 சதவீதம். ஆதரவும் ஒபாமாவின் பெயரைச் சொன்னபோதுதான் கூடியது. மக்கள் அறிவிலிகள் என்பதை இது காட்டவில்லை. முழுச் சட்டத்தையும் படிக்க நேரமில்லாத ஒருவர், தமக்குத் தரப்பட்ட பெயரிலிருந்துதான் பொருளை ஊகிக்கிறார் என்பதையே காட்டுகிறது. அந்தப் பெயரைத் தருவது பெரும்பாலும் உங்கள் பக்கங்களும் உங்கள் திரையும்தான்.

சட்டத்தில் உள்ள அதிகாரப்பூர்வப் பெயரைப் பயன்படுத்தினால் நடுநிலை கிடைத்துவிடும் என்றும் சொல்லப்படுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை, ஏனெனில் சட்டத்துக்குப் பெயர் வைப்பதும் ஒரு கட்சிதான். அது ஆளுங்கட்சி என்பது மட்டுமே வேறுபாடு. 2001 அக்டோபரில் அமெரிக்காவில் நிறைவேறிய கண்காணிப்பு அதிகாரச் சட்டத்துக்கு, முதலெழுத்துகளைக் கூட்டிப் படித்தால் "தேசபக்தர்" என்று வரும்படி பெயர் அமைத்தார்கள். செனட் சபையில் 98 பேர் ஆதரித்தார்கள், ஒருவர் எதிர்த்தார். அந்த ஒருவர் எதிர்த்தது தேசபக்தியை அல்ல, போதிய காரணம் காட்டாமலே பிறர் ஆவணங்களைப் பெறும் அதிகாரம் போன்றவற்றை என்பதை, தலைப்பை மட்டும் படித்த வாசகர் எப்படி அறிவார்?

உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமான ஒரு நிகழ்வும் உண்டு. கொரியாவில் போர் மூண்ட சில நாட்களில், 1950 ஜூன் 29 அன்று, அமெரிக்க அதிபர் ட்ரூமன் செய்தியாளர்களைச் சந்தித்தார். நாம் போரில் இல்லை என்றார் அவர். அப்படியானால் இதை ஐக்கிய நாடுகள் அவையின் கீழான காவல் நடவடிக்கை என்று சொல்வது சரியாக இருக்குமா என்று ஒரு செய்தியாளர் கேட்டார். ஆம், அதுவேதான் என்று அதிபர் ஏற்றுக்கொண்டார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும், அதைப்போல் பல மடங்கு கொரியர்களும் சீனர்களும் மாண்ட ஒரு போருக்கு, அதை நடத்தியவருக்கு ஏற்ற பெயரைக் கையில் எடுத்துக் கொடுத்தது செய்தியாளர் வரிசை. போர் என்று சொன்னால் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் எங்கே என்ற கேள்வி எழும். காவல் நடவடிக்கை என்றால் எழாது.

செய்தி நிறுவனங்கள் தங்கள் சொல்லையே கைவிட்ட கதை அதைவிட வருத்தம் தருவது. கைதியின் முகத்தில் துணியிட்டு நீரூற்றி மூச்சுத் திணற வைக்கும் முறையை, நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் பல பத்தாண்டுகளாகச் சித்திரவதை என்றே பெரும்பாலும் எழுதி வந்தது. 2002-க்குப் பின் அமெரிக்க அரசே அந்த முறையைக் கையாண்டு, "மேம்பட்ட விசாரணை முறை" என்று பெயரும் சூட்டிய காலத்தில், அதே நாளிதழ் அதை அவ்வாறு எழுதுவதை ஏறக்குறைய முற்றிலும் தவிர்த்ததை ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களின் 2010-ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துக்காட்டியது. மீண்டும் சித்திரவதை என்றே எழுதுவோம் என்று அந்த நாளிதழ் அறிவித்தது 2014 ஆகஸ்டில். செயல் மாறவில்லை, செய்தவர் மாறியதும் சொல் மாறியது. சித்திரவதை என்று எழுதுவது சர்ச்சைக்குரிய ஒன்றில் பக்கம் சாய்வதாகும் என்று அப்போது காரணம் சொல்லப்பட்டது. எழுதாமல் விட்டதும் பக்கம் சாய்ந்ததுதான்.

கட்சி விரும்பும் சொல் எல்லாமே பொய் என்று நான் வாதிடவில்லை. 2002-இல் குடியரசுக் கட்சியின் ஆலோசகர் ஒருவர், "புவி வெப்பமடைதல்" அச்சமூட்டுகிறது, எனவே "பருவநிலை மாற்றம்" என்று சொல்லுங்கள் என்று குறிப்பு எழுதினார். அவரது நோக்கம் எதுவாக இருந்தாலும், அந்தச் சொல் அறிவியலாளர்களிடமும் 1992-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையிலும் ஏற்கெனவே இருந்தது, பொருளிலும் பிழையில்லை. ஆகவே யார் சொன்னார் என்பதோடு, நடப்பதை அது சரியாகச் சொல்கிறதா என்பதையும் நீங்கள்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

சொற்களை அரசு ஒழுங்குபடுத்த வேண்டும் என்று நான் கேட்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். 2022-இல் உக்ரைன் மீதான படையெடுப்பைப் போர் என்று எழுதக்கூடாது என ரஷ்ய அரசு ஊடகங்களுக்குக் கட்டளையிட்டது. படைகள் குறித்த "பொய்ச் செய்தி"க்கு 15 ஆண்டு வரை சிறை என்று மார்ச் மாதத்தில் சட்டமும் இயற்றியது. அந்த நிலை எங்கும் வரக்கூடாது. அதனாலேயே இந்தப் பொறுப்பு சுதந்திரமாக இயங்கும் செய்திமனைகளின் கையில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

செய்ய முடியாத எதையும் நான் கேட்கவில்லை. பிரிட்டனில் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒரு மாற்றத்தை எதிர்க்கட்சி "படுக்கையறை வரி" என்றது; அரசு "உபரி அறை மானிய நீக்கம்" என்றது. இரண்டையும் அருகருகே அச்சிட்டுவிட்டால் சமநிலை வந்துவிடும் என்று கருதுவது தவறு. அது வரியும் அல்ல, அப்படி ஒரு மானியமும் அந்தப் பெயரில் இருந்ததில்லை. சமூக வாடகை வீடுகளில் வாழும், உழைக்கும் வயதினரின் வாடகை உதவித்தொகை, தேவைக்கு மேல் ஓர் அறை இருந்தால் 14 சதவீதமும் இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 25 சதவீதமும் குறைக்கப்படும் என்று எழுதினால் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. தலைப்புக்கு "வாடகை உதவி குறைப்பு" போதும். அதன் பிறகு, இந்தக் கட்சி இப்படி அழைக்கிறது, அரசு அப்படி அழைக்கிறது என்று உரியவர் பெயரோடு எழுதுங்கள். நலத்திட்டம் என்றும் இலவசம் என்றும் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள் மோதும் இடங்களிலும் இதையே செய்யலாம்: யாருக்கு, எது, எவ்வளவு, யார் பணத்தில் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு கோரிக்கையை அழுத்தமாக வைக்கிறேன். உங்கள் ஒவ்வொரு செய்திமனையிலும் எந்தச் சொல்லை எழுதலாம், எதைத் தவிர்க்கலாம் என்ற நடைக்குறிப்பு, எழுதப்பட்டோ வாய்வழியாகவோ, இருக்கிறது. அமெரிக்கச் செய்தி முகமையான அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 2013 ஏப்ரலில், "சட்டவிரோதக் குடியேறி" என்று மனிதரைக் குறிப்பதைக் கைவிட்டு, சட்டவிரோதம் என்ற அடைமொழியைச் செயலுக்கு மட்டுமே இனிப் பயன்படுத்துவோம் என்று காரணத்தோடு வெளிப்படையாக அறிவித்தது. அந்த முடிவோடு உடன்படாதவர்களும் அதை எதிர்த்து வாதிட முடிந்தது, ஏனெனில் அது எல்லோரும் பார்க்கும்படி எடுக்கப்பட்ட முடிவு. நீங்களும் அரசியல் சொற்களுக்கான உங்கள் நடைக்குறிப்பை வாசகர்கள் படிக்கும்படி வெளியிடுங்கள். ஒரு சொல்லை மாற்றும்போது மாற்றிய தேதியையும் காரணத்தையும் அதில் சேருங்கள். விவாத நிகழ்ச்சியின் தலைப்பை இறுதி செய்யும் முன், இரு தரப்புப் பேச்சாளர்களும் அந்தக் கேள்வியைத் தங்கள் வாயால் மறுப்பின்றிக் கேட்க முடியுமா என்று பாருங்கள். உங்கள் பதிலை அச்சிலோ திரையிலோ எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகரும் பார்வையாளருமான ஒரு வாக்காளர்