அதிர்ஷ்டம் என்று சொல்லாதே

பட்டர்வொர்த்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்றிரவு நீ பேசி வைத்த பிறகு எனக்கு வெகுநேரம் உறக்கம் பிடிக்கவில்லை. நீ தோற்றது என்னைப் பாதிக்கவில்லை. கண்ணாடிக்கு அடியில் சாய்ந்த பலகையில் எஃகுக் குண்டை உருளவிட்டு ஆடும் இந்தப் பின்பாலை, வேலை முடிந்து வாரத்தில் ஒரு நாள் மட்டும் பழகும் ஒருத்தி இறுதிச் சுற்றின் நால்வரில் ஒருத்தியாக நின்றதே எனக்குப் பெருமைதான். ஆனால், "அதிர்ஷ்டம் இல்லம்மா, குண்டு நடுவில் போய்விட்டது, அவ்வளவுதான்" என்று நீ சொன்னாயே, அந்தச் சொல்தான் மனத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதற்கான பதிலைத் தொலைபேசியில் கோர்வையாகச் சொல்ல எனக்கு வராது என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

நீ அனுப்பிய காணொளியை ஐந்து முறை பார்த்துவிட்டேன். கடைசி ஆட்டத்துக்கு உங்களை நிறுத்திய இயந்திரம் 'ஹை ஸ்பீட்' என்று தெரிந்தவுடன் என்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். தலையில் சிவப்பு விளக்குச் சுழலும் அந்த இயந்திரத்துக்கு எதிரேதான், 1987 முதல் 1991 வரை, பினாங்குத் தீவில், கொம்தார் கட்டடத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு விளையாட்டு மையத்தில் நான் காசு மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளியை (ரிங்கிட்டை) வாங்கிக்கொண்டு ஐந்து இருபது காசு நாணயங்களைத் தள்ளுவதுதான் வேலை. மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. இயந்திரத்தில் ஒட்டியிருந்த சிறு தகட்டில் சிகாகோ, இல்லினாய் என்று எழுதியிருக்கும். அதை எத்தனை நூறு முறை வாசித்திருப்பேனோ தெரியாது. அந்த ஊரில் என் மகள் குடியிருப்பாள், அதே இயந்திரத்தின் முன் நிற்பாள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நான் அங்கே வேலை பார்த்தது உனக்குத் தெரியும். அங்கே விளையாடக் கற்றுக்கொண்டேன் என்பதை உனக்குச் சொன்னதில்லை. இயந்திரங்களைப் பழுது பார்க்க ஒரு சீனப் பெரியவர் வருவார்; நாங்கள் ஆ பெக் என்போம். கடை மூடிய பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி, பலகையைத் துடைத்து மெழுகு பூசுவார். நான் விளக்குப் பிடிப்பேன். ஒருநாள் குண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எண்பது கிராம் எடை, 27 மில்லிமீட்டர் விட்டம். பார்ப்பதற்குச் சிறியது, கையில் வைத்தால் கனக்கும். பலகை ஏறக்குறைய ஆறரை டிகிரி சாய்ந்திருப்பதால், எங்கே அடித்தாலும் குண்டு கீழே வந்தே தீரும் என்றும், கீழே வரும் குண்டை நிறுத்தத் தெரியாதவன் அடிக்கக் கற்றுக்கொள்வதில் பயனில்லை என்றும் அவர் அரைகுறை மலாயில் சொல்லிக் கொடுத்தார். முதல் மூன்று மாதங்கள் என்னை ஓர் இலக்கைக்கூட அடிக்க விடவில்லை. வரும் குண்டை, பொத்தானை அழுத்தினால் மேலெழும் துடுப்பான ஃபிளிப்பரில் ஏந்தி நிறுத்துவது, மறு பக்கத்துக்கு மாற்றுவது, மீண்டும் நிறுத்துவது, இவ்வளவுதான் பாடம்.

நீங்கள் இதைத் தொட்டில் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அழைக்கிறீர்கள் என்று நீ சொன்னபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்களுக்கு அதற்குப் பெயர் இல்லை. ஆனால் அதை மிக அழகாகச் செய்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றி வரும் லாரி ஓட்டுநர் அவர். குண்டு இடப்பக்கம் இறங்கி வரும்போது ஃபிளிப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். குண்டு உருண்டு வந்து அதன் மடியில் படுத்துவிடும். இடக்கை பொத்தானை அழுத்தியபடியே இருக்க, வலக்கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார். பலகையிலிருக்கும் போக்குவரத்து விளக்கு மஞ்சளா சிவப்பா என்று நிதானமாக நிமிர்ந்து பார்ப்பார். பின்னால் நிற்கும் பையன்கள் "அடிங்க அண்ணே" என்று துடிப்பார்கள். அவர் மூச்சு விட்ட பிறகுதான் பொத்தானை விட்டு, குண்டு ஃபிளிப்பரின் நுனியை நோக்கி உருளும் கணத்தில் அடிப்பார். அது நேராக ஏற்றப்பாதையில் ஏறும். அவரிடமிருந்து ஒரு மாலையில் நாற்பது காசுக்கு மேல் நான் வாங்கியதாக நினைவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் இலவச ஆட்டம் வென்றுகொண்டே இருப்பார். அதே இயந்திரத்தில் அதே மாலையில் மற்றவர்கள் ஐந்து வெள்ளியைக் கரைத்துவிட்டுப் போவார்கள்.

இப்போது உன் காணொளிக்கு வருகிறேன். முதல் குண்டு இரண்டு ஃபிளிப்பர்களுக்கும் நடுவே விழுந்து போனதைத்தான் நீ அதிர்ஷ்டம் என்கிறாய். மெதுவாக ஓட்டிப் பார். குண்டு வலப்பக்கத்திலிருந்து மெல்லத்தான் வருகிறது. நீ அவசரப்பட்டு இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்துகிறாய். இரண்டு ஃபிளிப்பர்களும் ஒரே நேரத்தில் மேலே போனால் நடுவிலிருக்கும் சந்து அகலமாகத் திறக்கும் என்பது உனக்குத் தெரியாததா? அந்த வாசலை நீயே திறந்துவிட்டாய். ஒன்றுமே செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால், குண்டு வலது ஃபிளிப்பரில் பட்டுத் துள்ளி இடதுக்குப் போயிருக்கும். அங்கே அதை ஏந்தியிருக்கலாம். 'டெட் பவுன்ஸ்' என்று எனக்கு நீதான் பெயர் சொல்லிக் கொடுத்தாய். பெயர் தெரிந்த வித்தையை வேண்டிய நேரத்தில் கை மறந்துவிட்டது. எனக்கும் அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. கண் முன்னால் வரும் ஒன்றை அடிக்காமல் விடுவதற்கு ஆ பெக் என் விரல்மீது தன் விரலை வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டாவது குண்டு இடது ஓரச் சந்தில் விழுந்ததில் உன் தவறு அதிகமில்லை. தூணில் பட்டுத் திரும்பிய விதம் அப்படி. அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிக்கொள், மறுக்கமாட்டேன்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் வருத்தியது. முப்பது வினாடிகள் அருமையாக ஆடினாய். விளக்கைச் சிவப்புக்குக் கொண்டுவந்துவிட்டாய். குண்டு ஓரத்துக்குச் சாய்ந்தபோது இயந்திரத்தை ஒரு தட்டுத் தட்டினாய், எச்சரிக்கை வந்தது. அந்தத் தட்டு சரியானதுதான், குண்டும் பிழைத்தது. ஆனால் இரண்டு வினாடிக்குள் மறுபடியும் தள்ளினாய். அளவுக்கு மீறி அசைத்ததற்குத் தண்டனையாக டில்ட் விழுந்தது, ஃபிளிப்பர்கள் செத்தன, அதுவரை சேர்த்த போனஸும் போயிற்று.

டில்ட் ஊசலை நீ கண்ணால் பார்த்திருக்கிறாயோ என்னவோ, நான் தொட்டிருக்கிறேன். பெட்டிக்குள், முன்பக்கத்தில், ஓர் உலோக வளையத்தின் நடுவே கூம்பு வடிவ எடை ஒன்று கம்பியில் தொங்கும், கொத்தனாரின் தூக்குக்குண்டு போல. இயந்திரம் அசைந்தால் அது ஆடும். வளையத்தைத் தொட்டால் மின்சுற்று மூடிக்கொள்ளும். ஆ பெக் பெட்டியை ஒருமுறை தட்டிவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். தட்டு நின்றுவிட்டது, பெட்டி நின்றுவிட்டது, ஆனால் அந்தக் கூம்பு ஆடிக்கொண்டே இருந்தது. அவர் விரலால் தொட்டு நிறுத்திய பிறகுதான் அடங்கியது. எச்சரிக்கை வந்த பிறகு, ஆட்டக்காரருக்குத் தெரியாமல் உள்ளே அது இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பாதி பலத்தில் தட்டினாலும் வளையத்தைத் தொட்டுவிடும். ஆகவே எச்சரிக்கைக்குப் பின் சில வினாடிகள் கையைப் பெட்டியிலிருந்து சற்றுத் தளர்த்திக்கொள்வதும், முடிந்தால் குண்டைத் தொட்டிலில் போட்டுவைத்து ஊசல் அடங்கக் காத்திருப்பதும்தான் வழி. நீ அந்த நேரத்தில் குண்டை ஏந்தியிருக்க முடியும். இடது ஃபிளிப்பருக்கு அது தானாகவே வந்தது. ஆறாவது முறை பார்த்தால் உனக்கும் தெரியும்.

இதையெல்லாம் உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை, பாப்பா. அதிர்ஷ்டம் என்ற சொல் இந்த விளையாட்டுக்கு என்ன செய்தது என்பதை நீ நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். நியூயார்க் நகரில் 1942ஆம் ஆண்டு மேயர் லகார்டியா பின்பாலைச் சூதாட்டம் என்று தடை செய்து, இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்துக் காட்டினார். அவர் தடை செய்த காலத்து இயந்திரங்களில் ஃபிளிப்பரே கிடையாது. குண்டை விட்டுவிட்டு, தட்டி அசைத்துப் பார்ப்பதோடு சரி. காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' இயந்திரத்தில் 1947ஆம் ஆண்டுதான் ஃபிளிப்பர் வந்தது. விளையாட்டு அடியோடு மாறிய பிறகும் சட்டம் பழைய இயந்திரத்தையே நினைத்துக்கொண்டு இன்னும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அப்படியே இருந்தது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற இளம் எழுத்தாளர் நகர மன்றத்தினர் முன்னால் விளையாடிக் காட்டி, இப்போது குண்டை நடுப் பாதை வழியாக அனுப்புகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அப்படியே அனுப்பிய பிறகுதான் தடை நீங்கியது. அந்த ஓர் அடியில் அதிர்ஷ்டமும் சேர்ந்திருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார், இருக்கட்டும். எந்தப் பாதை என்று சொல்லிவிட்டு அடிக்கத் துணிவதற்கு அதற்கு முன் எத்தனை ஆண்டு பழக்கம் வேண்டும் என்பதை நீயும் நானும் அறிவோம்.

இதே சொல் நம் வீட்டிலும் நுழைந்தது. 1991இல் எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, சூதாட்டக் கடையில் காசு எண்ணும் பெண்ணை யார் கேட்டு வருவார்கள் என்று உன் பெரிய மாமா சொன்னார். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அந்த மையத்தின் பின்னறையில் பழப்படங்கள் சுழலும் காசு இயந்திரங்கள் இரண்டு இருந்தன. நான் அவற்றையும் பின்பாலையும் நான்கு ஆண்டுகள் ஒரே இடத்திலிருந்து பார்த்தவள். பின்னறையில் நின்றவர்களின் கை ஒரே வேலையைத்தான் செய்யும், இழுத்துவிட்டுக் காத்திருக்கும். நாலாவது ஆண்டும் முதல் நாள் போலத்தான். பின்பால் முன்னால் நின்றவர்களின் கை மாதத்துக்கு மாதம் மாறும். முதலில் எல்லாவற்றையும் அடிக்கும் கை, பிறகு பொறுக்கக் கற்ற கை, பிறகு குண்டு வருவதற்கு முன்பே தயாராகும் கை என்று, முகத்தைப் பார்க்காமல் கையை வைத்தே யார் என்று சொல்லிவிடுவேன். இந்த வித்தியாசத்தை மாமாவிடம் எடுத்துச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. சாவியைக் கவுண்டர்மீது வைத்துவிட்டு, மாலைப் படகில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு நான் ஒரு பின்பால் இயந்திரத்தைத் தொடவே இல்லை.

அதனால்தான் நீ அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாகச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. அதிர்ஷ்டம்தான் எல்லாம் என்றால் பின்பால் வீரர் கீத் எல்வின் எப்படித் திரும்பத் திரும்பப் பட்டம் வென்றிருக்க முடியும்? அவரே இன்று பின்பால் இயந்திரம் செய்யும் ஸ்டெர்ன் நிறுவனத்தில் 'காட்ஸில்லா' போன்ற இயந்திரங்களை வடிவமைக்கிறார் என்று நீதானே சொன்னாய். ரோஜர் ஷார்ப்பின் மகன்கள் ஜோஷும் ஜாக்கும் 2006ஆம் ஆண்டு உலகத் தரவரிசையைத் தொடங்கியதைப் பற்றி நீ சொன்னபோதும் எனக்கு மனம் நிறைந்தது. தகப்பன் மன்றத்தில் நின்று இது திறமை என்று வாதாடினார், பிள்ளைகள் அதை எண்ணிக்கையாக எழுதி வைத்தார்கள். உங்கள் போட்டிகளில் நால்வரை ஒரே இயந்திரத்தில் மாறி மாறி ஆடவிடுவதும், சுற்றுக்குச் சுற்று இயந்திரத்தை மாற்றுவதும், பழையதும் புதியதும் கலந்து வைப்பதும் இதற்காகத்தானே? ஓரச் சந்தில் விழும் ஒரு குண்டு ஓர் ஆட்டத்தைக் கெடுக்கலாம், பத்து ஆட்டங்களையும் கெடுக்காது. பத்துச் சுற்றுகளைத் தாண்டி நீ இறுதிக்கு வந்ததை யாராவது அதிர்ஷ்டம் என்றால் நீ ஒப்புக்கொள்வாயா?

அப்பா இதை வாசித்துவிட்டு, பிள்ளை வேலைக்கும் போய்க்கொண்டு இதையும் செய்கிறாளே, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல் என்றார். மணிக்கட்டு வலிப்பதாகச் சொன்னாயே, பொத்தானை உள்ளங்கையால் அறையாமல் விரல் நுனியால் அழுத்து. ஆ பெக்கின் விரல்கள் எழுபது வயதிலும் நடுங்கவில்லை.

அடுத்த மாதப் போட்டிக்குப் போகும்போது உன் தோழியிடம் ஒன்று சொல்லி வை. காணொளியில் மதிப்பெண் பலகையையும் சுழலும் விளக்கையும் எடுக்க வேண்டாம். பக்கவாட்டில், பொத்தான் உயரத்துக்குக் கைபேசியைப் பிடித்து, உன் இரண்டு கைகளையும் ஃபிளிப்பர்களையும் மட்டும் எடுக்கச் சொல். எச்சரிக்கை வந்த பிறகு உன் கை என்ன செய்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா