இடுப்பு எக்ஸ்ரே நிதி: இன்னும் 41 படங்களுக்குப் பணம் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி, மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை) உள்ள நம் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டின் இடுப்பு எக்ஸ்ரே பணி மாதக் கடைசியில் தொடங்குகிறது. எக்ஸ்ரே நிலையத்துக்கு 25-ஆம் தேதிக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். கையில் இருப்பது போதவில்லை.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பதிவேட்டில் 64 பிள்ளைகள். இவர்களில் 38 பேருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்க வேண்டும். மீதி 26 பேருக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். ஆக 102 படங்கள். இதுவரை வந்த நன்கொடை 61 படங்களுக்குச் சரியாகப் போகும். 41 படங்களுக்கு வழியில்லை. வண்டிச் செலவைக் குழு உறுப்பினர்களே தங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். அது இந்தக் கணக்கில் வராது.

“பிள்ளைக்கு வலியே இல்லையே, எதற்கு எக்ஸ்ரே?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நோயின் சூதே அங்குதான் இருக்கிறது. பிறக்கும்போது இந்தப் பிள்ளைகளின் இடுப்பு பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளுடையதைப் போலத்தான் இருக்கும். நிற்பதும் நடப்பதும் குறைவதால், தொடை எலும்பின் தலை பொருந்தி உட்காரும் இடுப்பெலும்புக் கிண்ணம் ஆழமாக வளர்வதில்லை. தொடையின் உட்பக்கத் தசைகள் இழுத்துக்கொண்டே இருப்பதால் தொடை எலும்பின் தலை மெல்ல மெல்ல வெளியே நகர்கிறது. ஆரம்பத்தில் வலிக்காது. கையால் அசைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடவும் முடியாது. வலி வரும்போது பாதி வழி போயிருக்கும். அப்புறம் உட்கார முடியாது, கால்களை விரித்துச் சுத்தம் செய்ய முடியாது, இரவில் தூக்கம் இருக்காது. பிள்ளைக்கு மட்டுமல்ல, தாய்க்கும்தான்.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்கு இடுப்பு விலகல் வருகிறது. நடமாட்டத்தை வைத்து ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறை 1997-இல் வந்தது. தடையின்றி நடக்கும் முதல் நிலைப் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து மிகவும் குறைவு. தலையைக்கூட நிறுத்த முடியாத ஐந்தாம் நிலையில் பத்தில் ஒன்பது பேர் வரை பாதிக்கப்படுகிறார்கள். உடம்பு இறுக்கமாக இல்லை, தளர்வாகத்தான் இருக்கிறது என்று சில பெற்றோர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வேண்டாம். நடக்காத பிள்ளை என்றால் தளர்வாக இருந்தாலும் படம் எடுத்தே ஆக வேண்டும்.

சுவீடனின் தென்பகுதியில் 1994-இல் எல்லாப் பிள்ளைகளையும் பதிவு செய்து, இப்படி முறை வைத்துப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் நூற்றில் எட்டு, ஒன்பது பேருக்கு மூட்டு முழுதாக நழுவிப்போனது. பிறகு அது நூற்றில் ஒருவருக்கும் கீழே இறங்கிவிட்டது. புதிய மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. யாரையும் விடாமல் பார்த்தார்கள், தேவைப்பட்டவர்களுக்குச் சரியான நேரத்தில் சிகிச்சை செய்தார்கள்.

நம் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்களும் இதைத்தான் தங்கள் வழியில் செய்தார்கள். இந்த நோயின் பெயரைக்கூட வெளியே சொல்லத் தயங்கிய காலம் அது. ஒரே ஓர் அறை, நாலு பாய், ஒரு பழைய நோட்டு. அதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் ஒரு பக்கம்: எப்போது கழுத்து நின்றது, எப்போது உட்கார்ந்தது, எந்தக் கால் குட்டையாகத் தெரிகிறது. படிப்பறிவு அதிகம் இல்லாத தாய்மார்கள்கூடப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி எழுதவைத்தார்கள். வந்த பிள்ளை ஒன்றையும் திருப்பி அனுப்பியதில்லை என்ற பேர் அவர்கள் வாங்கித் தந்தது. இன்றைய பதிவேடு அந்த நோட்டின் தொடர்ச்சி. பணமில்லை என்று அதில் ஒரு வரிசையைக் காலியாக விட எங்களுக்கு மனம் வரவில்லை.

படம் எடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிள்ளை மல்லாந்து படுக்க வேண்டும், இடுப்பு திரும்பக் கூடாது, இரண்டு முழங்கால் சில்லுகளும் நேராக மேலே பார்க்க வேண்டும். முதுகு வில்லாக எழும்பினால் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மட்டமாக்க வேண்டும். கால் கோணலாக இருந்தால் அளவே மாறிவிடும். அதனால்தான் நம் பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு பிள்ளையுடனும் எக்ஸ்ரே அறைக்குள் போகிறார். தாய் ஈயக் கவசம் போட்டுக்கொண்டு முழங்கால்களைப் பிடித்துக்கொள்வார். படம் வந்ததும் எலும்பு மருத்துவர் கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, எலும்பின் தலையில் எத்தனை சதவீதம் வெளியே இருக்கிறது என்று அளந்து பதிவேட்டில் எழுதுகிறார். 30 தாண்டினால் கண் வைக்க வேண்டும். 40 தாண்டினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைப் பேச்சு வந்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் சில பிள்ளைகளுக்குத் தசையைத் தளர்த்தும் சிறிய சிகிச்சையோடு தள்ளிப்போடலாம். காலம் கடந்தால் எலும்பையே வெட்டித் திருப்ப வேண்டியிருக்கும்.

சென்ற ஆண்டு கைகொடுத்தவர்களை நன்றியோடு நினைக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று சொல்லி ஒன்பது படங்களின் செலவை ஏற்றவர், முதல் சம்பளத்தில் ஒரு பங்கு தந்த இளைஞர், சேமிப்பு உண்டியலை அப்படியே கொண்டுவந்து மேசையில் கொட்டிய அக்கா தம்பி, கட்டணம் வாங்காமல் படங்களைப் படித்துத் தந்த மருத்துவர், விடுமுறை நாளில் பிள்ளைகளைத் தூக்கி இறக்கிய ஓட்டுநர்கள். இறைவன் உங்கள் குடும்பங்களுக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது. உங்கள் பணத்தில் எடுத்த படங்களில் மூன்று பிள்ளைகளின் விலகல் வலி வரும் முன்பே தெரிந்தது. அவர்கள் இப்போது மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொதுக்குழுவில் கை தூக்கி வாக்குக் கொடுத்தவர்களில் பலரிடமிருந்து இன்னும் பணம் வரவில்லை. அந்த வாக்கை நம்பித்தான் பிள்ளைகளின் பெயர்களைப் பதிவு செய்தோம். தன் பிள்ளையின் படம் நல்லபடியாக வந்ததும் சங்கத்தின் பக்கமே எட்டிப்பார்க்காமல் இருப்பதும் முறையல்ல. அந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தவர் உங்கள் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. கஷ்டத்தில் இருப்பவர்களை நாங்கள் கேட்கவில்லை. வசதி இருந்தும் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களைத்தான் கேட்கிறோம். நகரும் எலும்பு நாளை வரை காத்திருக்காது.

ஒரு படத்தின் செலவை ஏற்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் வேண்டிய ஒரு பிள்ளையின் ஓராண்டுச் செலவை, அதாவது இரண்டு படங்களை ஏற்கலாம். முழுப் படத்துக்கு முடியாதவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தரலாம். பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்துக் கட்டாயம் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுப் புத்தகம் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். 25-ஆம் தேதி மாலை வரை வரும் தொகையை வைத்தே எத்தனை பிள்ளைகளுக்கு முன்பதிவு என்று முடிவு செய்வோம். இடம் குறைந்தால் நான்காம், ஐந்தாம் நிலைப் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை.

இப்படிக்கு,
இடுப்பு நலக் கண்காணிப்புக் குழு